இருபத்திரண்டாவது வரிசை, நடு இருக்கை

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்தேழு. பழைய கதைகளில் இது தலைகீழாக இருக்கும். அதற்கு நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் குரு மலைமேல்தான் குடியிருந்தார். அந்த மட்டில் மரபு காப்பாற்றப்பட்டது.

மலை, கோத்தகிரி. குருவின் பெயர் ஹெப்சிபா. சரக்கு விமானத்தில் துணை விமானியாக இருந்தவர். வலது காது கேட்பது குறைந்ததும் மருத்துவர்கள் அவரைத் தரையிறக்கிவிட்டார்கள். அதன்பின், வீட்டிலிருந்தே விமானம் ஓட்டுகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். வீட்டிலிருந்து விமானம் ஓட்டுவது ஒன்றும் சித்து வேலையில்லை. வி.ஆர். ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டால் வீடு மறைந்துவிடும். எதிரே ஓடுபாதை. தலையைத் திருப்பினால் இறக்கை. அண்ணாந்தால் வரிசை வரிசையாகப் பொத்தான்கள். கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக்.

சீடர்கள் அவரைக் கேப்டன் என்பார்கள். துணை விமானி கேப்டன் இல்லை என்று அவர் திருத்துவார். யாரும் திருந்தவில்லை.

மயில்வாகனன் அந்தச் சீடர்களில் மூத்தவர். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மேலாளர். பெயரிலேயே பறவை வாகனம் இருந்தும் அவர் விமானத்தில் கால் வைத்ததில்லை. (மயில் அப்படியொன்றும் அதிகம் பறக்கிற பறவை இல்லை என்பது வேறு விஷயம்.) மகள் சாருமதி சிங்கப்பூரில் படித்துப் பட்டம் வாங்கியபோது கோயம்புத்தூர் விமான நிலைய வாசல் வரை போய், வயிற்றுவலி என்று திரும்பினார். அவளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது வாசல் வரைகூடப் போகவில்லை.

இப்போது கல்யாணம். அங்கேயே, ஒரு கோயிலில். மனைவி கோமளா முன்னதாகவே போய்விட்டார். மகள் டிக்கெட் அனுப்பியிருந்தாள். முந்தைய இரண்டு தடவையும் டிக்கெட்டுடன் "கட்டாயம் வாங்கப்பா" என்று எழுதியிருந்தாள். இந்தத் தடவை ஒன்றும் எழுதவில்லை.

அவள் எழுதாததைக் கோமளா போனில் சொன்னார்.

"நீங்க வரலேன்னா எங்கண்ணன் தாரை வார்த்துக் குடுப்பார். கேட்டு வெச்சாச்சு. அவர் வேட்டிகூட எடுத்துட்டார்."

மயில்வாகனனுக்கு அந்த மைத்துனரைப் பிடிக்காது. வேட்டி எடுத்துவிட்டார் என்பது அவரை இரண்டு நாள் சாப்பிடவிடவில்லை.

தெரியாததால்தான் பயம் என்பது அவருடைய சித்தாந்தம். தொழிற்சாலையில் எந்த இயந்திரத்தில் எந்தத் திருகு கழலப்போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். அதனால் அங்கே அவருக்குப் பயமில்லை. விமானத்தையும் அதேபோல் தெரிந்துகொண்டால் தீர்ந்தது என்று, நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஹெட்செட் வாங்கியிருந்தார். தையல் மிஷின் மேசையில் ஜாய்ஸ்டிக்கைப் பொருத்தினார். முதல் வாரம் தலைசுற்றி வாந்தி எடுத்தார். முகத்துக்கு நேரே ஒரு மேசைவிசிறி, கன்னத்தில் ஒரு துண்டு இஞ்சி மரப்பா என்று குரு வைத்தியம் சொன்னார். கேட்டது. ஒரு வருஷத்தில் நன்றாகவே ஓட்டினார். ஒரே ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. ஹெட்செட்டுக்கும் மூக்குக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. விமானம் குலுங்கினால் அதன் வழியாகத் தன் வீட்டுத் தரையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை குருவிடம் வந்தார்.

"கேப்டன், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"ஒரு எஞ்சின் நின்னாலும் இறக்கறேன். குறுக்குக் காத்துல சிங்கப்பூர்ல இறக்கறேன். மூடுபனில இறக்கறேன். அப்புறமும் அந்த டிக்கெட்டைப் பார்த்தா ஏன் பயம் போகல?"

"டிக்கெட்ல எந்த சீட்டு?"

"இருபத்திரண்டு பி. நடு சீட்டு."

"உக்காருங்க."

குரு ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி அலமாரியில் வைத்தார். ஹெட்செட்டைச் சீடர் தலையில் மாட்டினார். மயில்வாகனன் கண்ணைத் திறந்தபோது எதிரே கருவிகள் இல்லை. முன்இருக்கையின் முதுகு இருந்தது. அதில் மடக்கு மேசை. இரண்டு பக்கமும் ஆட்கள்.

"என்னங்க இது? காக்பிட் எங்க?"

"முன்னாடி. கதவு சாத்தியிருக்கு."

"யார் ஓட்டறா?"

"விமானி."

"பேரு?"

"மைக்ல சொன்னாங்க. யாருக்கும் எப்பவும் புரியாது."

விமானம் ஓடியது, எழுந்தது. சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் தணிந்தது. மயில்வாகனன் நிமிர்ந்தார்.

"சத்தம் ஏன் குறையுது?"

"நீங்க சொல்லுங்க."

"மேல ஏறினதும் எஞ்சின் வேகத்தைக் குறைப்பாங்க. வழக்கம்தான்."

"அப்ப சரி."

விமானம் மேகத்துக்குள் நுழைந்தது.

"குறைச்சாங்களா, தானாக் குறைஞ்சுதா?"

சீடரின் இடது கை நாற்காலிக்குப் பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அங்கே ஸ்டூலில் குருவின் தேநீர்க் குவளை இருந்தது. கை அதைப் பிடித்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் நெம்புகோலைப் போல, பக்குவமாக, மெல்ல முன்னால் தள்ளியது. தேநீர் தரையில் கொட்டியது. மயில்வாகனன் ஹெட்செட்டைக் கழற்றினார். நெற்றி வியர்த்திருந்தது.

"முன்னாடி பயம்னா பயம், அவ்வளவுதான். இப்ப ஒவ்வொண்ணுக்கும் பேர் தெரியுது."

"பரவால்ல. நான் சொல்லிக்குடுத்தது வீண் போகல." குரு குனிந்து தரையைத் துடைத்தார்.

"சிரிக்காதீங்க கேப்டன். நீங்க பயணியாப் போறப்ப எப்படி இருந்தது?"

"முதல் தடவை கை மடியில நிக்கல. விமானம் சாயறப்பல்லாம் கைப்பிடியை இழுத்து நேராக்கினேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், 'அது என் முழங்கைம்மா'ன்னார்."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"மன்னிப்புக் கேட்டேன்."

மயில்வாகனன் வேறு ஏதோ எதிர்பார்த்தார். வரவில்லை.

"வீட்லயும் இனிமே இதே சீட்டுலதான் பறக்கணும்" என்றார் குரு. "இருபத்திரண்டு பி. ஏறினா இறங்கற வரைக்கும்."

அடுத்த சனிக்கிழமை மயில்வாகனன் வந்தபோது நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இடது புருவம் வீங்கியிருந்தது.

"உக்காந்தீங்களா?" என்றார் குரு.

"உக்காந்தேன்."

"இறங்கற வரைக்கும்?"

"இல்ல." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கதவு சாத்தித்தான் இருந்துது. ஆனா ஒரு பட்டனை அழுத்திட்டே இருந்தா இருந்த இடத்திலிருந்து முன்னாடி நகரலாம். சீட்டு, ஆள், கதவு, எதுவும் தடுக்காது. எல்லாத்துக்குள்ளயும் பூந்து போயிடலாம்."

"போனீங்க."

"சும்மா எட்டிப் பார்க்கலாம்னு போனேன். கேப்டன், உள்ள ரெண்டு சீட்லயும் யாருமே இல்ல."

குரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கம்ப்யூட்டர்தான் ஓட்டுது, அங்க ஆளை உக்காத்தி வெக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன? பின்னாடி அத்தனை ஜனம் உக்காந்திருக்கு. இங்க ஜாய்ஸ்டிக் தானா ஆடுது. பார்த்ததும் ஓடிப்போய் உக்காரப் பார்த்தேன். பட்டனை அழுத்தி இல்ல. நிஜமாவே எழுந்து ஓடிட்டேன்."

"அப்புறம்?"

"பீரோ."

குரு வீக்கத்தை அருகே வந்து பார்த்தார்.

"பீரோவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

மயில்வாகனன் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது வேணாம் கேப்டன். நான் போகப் போறதில்ல. மச்சானே தாரை வார்க்கட்டும். வேட்டி வேற எடுத்துட்டார். பொண்ணு கழுத்துல தாலி ஏறினாச் சரி. யார் கைபிடிச்சுக் குடுத்தா என்ன?"

கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு தடவை சொன்னார்.

குரு வாதாடவில்லை. ஹெட்செட்டின் கண்ணாடியைத் துணியால் துடைத்து ஓரமாக வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர்ல எனக்குக் காது டாக்டரைப் பார்க்கணும். பஸ்ல ஒரே கூட்டம். உங்க கார்ல கொண்டு விடறீங்களா?"

"செவ்வாய்க்கிழமைதான் என் விமானம்."

"நீங்கதான் போகலையே?"

மறுக்க வழியில்லை. கற்றுக்கொடுத்தவர் கேட்கிறார்.

செவ்வாயன்று மழை. புறப்படும்போது மயில்வாகனன் தன் பெட்டியையும் டிக்கியில் வைத்தார். கோமளா போனில் கேட்டால், பெட்டி வண்டியில் இருக்கிறது என்று பொய் சொல்லாமல் சொல்லலாம். பாஸ்போர்ட்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கு அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

குரு முன்இருக்கையில் ஏறினார். பெல்ட்டைப் போட்டார். நன்றாகக் கேட்கும் இடது காதைக் கதவுப் பக்கம் சாய்த்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

மயில்வாகனனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. கண்ணை மூடி ஏதோ சோதிக்கிறார் என்று நினைத்தார். வாய் லேசாகத் திறந்து குறட்டை வந்தது. சோதனை என்றால் அவ்வளவு தூரம் யாரும் போக மாட்டார்கள்.

பாதி மலையில் மூடுபனி இறங்கியது. எதிரே வந்த பேருந்து வளைவில் தன் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு இவர் பக்கத்திலும் பாதியை எடுத்துக்கொண்டது. மயில்வாகனன் பள்ளத்து ஓரம் ஒதுங்கி நின்று, அது போனபின் நகர்ந்தார். அடுத்த வளைவில் மண் சரிந்து கிடந்தது. கீழே பாறைகள் தெரிந்தன, பிறகு பனியில் தெரியவில்லை. அவர் இரண்டாவது கியரிலேயே இறங்கினார். முதுகு இருக்கையில் படவில்லை. பக்கத்தில் குறட்டை ஒரே சீராக இருந்தது.

மேட்டுப்பாளையம் வந்தது. காரமடை வந்தது. ஊர் நெருங்கியதும் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"கேப்டன், ஆஸ்பத்திரி எங்க?"

"ஏர்போர்ட் தாண்டி" என்றார் குரு. மறுபடி தூங்கினார்.

விமான நிலையத்தைத் தாண்ட முடியவில்லை. சாலை வேலை என்று ஒரு பக்கத்தை அடைத்து வண்டிகளையெல்லாம் உள்ளே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மயில்வாகனன் புறப்பாட்டு வாசல் எதிரே ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. குரு விழித்தார், சோம்பல் முறித்தார், எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளைச் சட்டை போட்ட விமானி ஒருவன் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு காருக்கு முன்னால் நடந்து போனான். மயில்வாகனன் அவனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மீசைகூடச் சரியா முளைக்கல. இவன் கையிலயா?"

"பார்த்தா அப்படித்தான் தெரியுது."

"இவன் யாரு, எவன்கிட்டக் கத்துக்கிட்டான், நேத்து ராத்திரி தூங்கினானா, ஒண்ணும் தெரியாது. கண்ணை மூடிட்டுப் பின்னாடி உக்காரணும். எப்படிங்க முடியும்?"

குரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மயில்வாகனனுக்குக் கோபம் வந்தது. மலையில் சேர்த்து வைத்திருந்த கோபம்.

"உங்களைக் கேக்கறேன் கேப்டன். இதுக்கு முன்னாடி நான் கார் ஓட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"எனக்கு லைசென்ஸ் இருக்கான்னாவது கேட்டீங்களா?"

"கேக்கல."

"மழை. பனி. மண்சரிவு. ஒரு பஸ்காரன் நம்ம ரெண்டு பேரையும் பள்ளத்துல தள்ளப் பார்த்தான். ஒரு சாண் தவறியிருந்தா முடிஞ்சுது. இது ஒண்ணாவது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப எப்படித் தூங்கினீங்க?"

குரு பாட்டிலை மூடினார்.

"நீங்க முழிச்சிட்டிருந்தீங்களே, சார்."

மயில்வாகனன் புறப்பாட்டு வாசலைப் பார்த்தார். வைப்பர் கண்ணாடியில் இரண்டு மூன்று தடவை போய் வந்தது.

பிறகு எஞ்சினை அணைத்து, டிக்கியிலிருந்து பெட்டியை இறக்கி, சாவியைக் குருவின் கையில் கொடுத்தார்.