பார்க்காமல் எழுதிய கட்டுரை

கோணநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஏகாம்பரம் தலைவர். சடகோபன், மருதப்பன் என்று இரண்டு உதவியாளர்கள். மூன்று தலையையும் சேர்த்துப் பிழிந்தாலும் அரை ஆழாக்கு மூளை தேறாது. ஆனால் மேலிடத்து உத்தரவு என்றால் உயிரையே விடுவார்கள், பாவம்.

ஒருநாள் அமைச்சரிடமிருந்து ஆர்டர் வந்தது. 'மோசடி என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எந்த நாட்டில் எத்தனை? ஒப்பிட்டு எழுதிப் பத்திரிகையில் வெளியிடவும். பார்த்து எழுதக் கூடாது. ஓர் எண் தப்பினாலும் தலைவர் பதவி போய்விடும்.'

ஏகாம்பரம் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் உட்கார்ந்து பள்ளம் விழுந்த நாற்காலியாயிற்றே!

"பார்த்து எழுதக் கூடாதாமே, ஐயா?"

"அதுக்கென்ன சடகோபா, கண்ணைக் கட்டிக்கிட்டு எழுதறேன்."

"காதையும் பொத்தணுமா?"

ஏகாம்பரம் ஆர்டரை மறுபடி எடுத்துப் படித்தார். "காதைப் பத்தி ஆர்டர்ல ஒண்ணுமில்ல."

மருதப்பன் நாடுவாரிப் பட்டியல் ஒன்றை எடுத்துவந்து வாசித்தான். "பக்கத்து நாடு நாப்பது. கடலுக்கு அந்தாண்ட நாடு எழுபது. நம்ம நாடு சைபர்."

கண்ணில் துண்டோடு ஏகாம்பரம் எழுதினார். பாதி காகிதத்தில் விழுந்தது, மீதி சடகோபன் வேட்டியில். இரண்டையும் சேர்த்துத் தைத்துப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள்.

ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். 'இதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

"ஐயோ, திரும்பப் பெற்றாச்சே! நம்ம நாடு இப்ப சைபர் இல்ல, ஒண்ணு!" என்று பதறினார் ஏகாம்பரம். திருத்தி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. இப்போது இரண்டு.

"இப்படியே போனா என் பதவி என்னத்துக்கு ஆகும்? எப்படியும் திரும்பித்தானே வரும், முன்கூட்டியே மூணுன்னு போட்டுடுவோம்" என்றார்.

இந்தத் தடவை ஆசிரியர் சலித்துப்போய் அச்சில் போட்டுவிட்டார்!

"பாவி மனுஷன், திருப்பி அனுப்பலையே! கணக்கு தப்பாயிடுச்சே!" ஏகாம்பரம் ஓடிப்போய் ஆசிரியர் காலில் விழுந்தார். "ஐயா, நான் எழுதினது பொய். திரும்ப வாங்கிக்குங்க."

விட்டால் போதுமென்று ஆசிரியர் அப்போதே அறிவிப்பு எழுதினார்: 'கட்டுரையில் பொய் இருப்பதால் திரும்பப் பெறுகிறோம்.'

ஏகாம்பரம் விரல்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சிவந்தது.

"இப்ப கணக்கு அச்சுப் பிசகாம சரியா இருக்கு. சரியான கட்டுரையைப் பொய்னு எப்படிய்யா திரும்ப வாங்கலாம்? மறுபடியும் போடும்!"

"ஐயா," என்றான் பின்னாலேயே ஓடிவந்திருந்த சடகோபன். "அவர் போடறதுக்குள்ள, என் வேட்டியை மட்டும் திரும்பப் பெற்றுக்கலாமா?"

"வாயை மூடுடா! அப்புறம் நாலாயிடும்."