நம்பரோடு வந்த சாரைப்பாம்பு

தென்காசியில் யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும் சொரிமுத்துவுக்குத்தான் போன் பறக்கும். ஊர்ச் சுவரெல்லாம் அவர் நம்பர்தான். அது இன்டர்நெட் போன் கம்பெனி ஒன்றில் வாங்கிய நம்பர். பேசுவதையெல்லாம் கம்பெனி பதிவு செய்கிறது என்று தெரிந்ததும், நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாற வேண்டும் என்று அந்தப் பழைய கம்பெனி ஆபீஸிலேயே போய் நின்றார்.

மேனேஜர் கஜபதி சிரித்தார். "நம்பர் கம்பெனிச் சொத்துய்யா. அதுல வர்ற போன், பேசுற பேச்சு, எல்லாமே எங்களுது. வேணும்னா நீ வெறுங்கையோட போ."

"எல்லாமேவா சார்?"

"எல்லாமே!"

சொரிமுத்து வெளியே போய், வண்டியிலிருந்த சாக்கை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். சாக்கு நெளிந்தது.

"காலையில உங்க நம்பருக்கு வந்த போன்ல பிடிச்ச சாரை சார். உங்க சொத்து, வச்சுக்கோங்க" என்று முடிச்சை அவிழ்த்தார்.

அடுத்த நிமிடம் கஜபதி பீரோமேல் இருந்தார். "நம்பர் அவருதும்மா! விட்டுக் குடுத்துரும்மா!"

கம்ப்யூட்டர் முன்னாலிருந்த பெண் காலைத் தூக்கிக்கொண்டே கீபோர்டைத் தட்டி, நம்பரை அவர் கேட்ட கம்பெனிக்கு மாற்றிவிட்டு ஓடினாள். சொரிமுத்து கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

வாசலைத் தாண்டவில்லை, போன் அடித்தது.

"அண்ணாச்சி, நான் கஜபதி..." பாம்புக்குக் கேட்டுவிடுமோ என்று குரல் கிசுகிசுத்தது.

"சத்தமாவே சொல்லுங்க சார். இது இப்ப என் நம்பரு, யாரும் ஒட்டுக் கேக்க மாட்டாங்க. பாம்பு எந்த வீட்டுல?"