பின்னால் போய் ஜெயித்த படை

கோணப்பாறையில் ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு ஜமீன்தார். ஜமீன்தாருக்கு ஒரு படை. படை என்றால் பதினோரு பேர். சிரிக்க வேண்டாம், கோட்டையும் அந்த அளவுதான்.

படைக்குச் சம்பளம் கிடையாது. மதியம் ஒரு வேளை சோறு. கருவாட்டுக் குழம்பு, சில நாள் முட்டை. அந்தச் சோற்றுக்காகத்தான் பதினோரு பேரும் வீரர்களாக இருந்தார்கள். தின்பார்கள். தூங்குவார்கள். எழுந்து, நாளைக்கு என்ன குழம்பு என்று பேசுவார்கள். ராணுவ வாழ்க்கை.

ஒரு நாள் ஜமீன்தார் மதில் மேல் ஏறிப் பார்த்தார். படை வேப்பமரத்தடியில் மல்லாந்து கிடந்தது. தளபதி ஒச்சப்பனின் தலைப்பாகையை ஒரு ஆடு தின்றுகொண்டிருந்தது. பாதி உள்ளே போய்விட்டது. மீதியை ஒச்சப்பன் தூக்கத்திலேயே பிடித்திருந்தான். ஆடுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

“தடிப்பயலுகளா,” என்றார் ஜமீன்தார். “எதிரே வல்லக்கரட்டுக் கோட்டைக்காரனைப் பாருங்கடா. காலையில கல்லு தூக்குறான், சாயங்காலம் கபடி ஆடுறான். ஆடி மாசம் அவனோட வடம் இழுக்குற போட்டி. தோத்தீங்க, படையைக் கலைச்சுருவேன். போய்க் கழுதை மேய்க்கலாம்.”

“கழுதை மேய்ச்சா மதியம் சோறு உண்டா எசமான்?” என்று சடையன் கேட்டான்.

“கிடையாது.”

படை முதல் முறையாகக் கவலைப்பட்டது.

பயிற்சி கொடுக்க மஸ்தான் வஸ்தாது வந்தார். குஸ்தியும் சிலம்பமும் சொல்லிக் கொடுப்பவர். அவருக்குக் கழுத்து என்று ஒன்று கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். கோட்டை நடுவில் கிடந்த உருண்டைக் கல்லைக் காட்டினார்.

“இந்தக் கல்லு உங்க தோளுக்கு மேலே போகணும். போற வரைக்கும் சோறு கிடையாது.”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். படை கல்லைச் சுற்றி உட்கார்ந்தது.

“கல்லு கனமா இருக்கும்போல,” என்றான் குருவன்.

“தொட்டுப் பார்த்தியா?”

“எதுக்கு? பார்த்தாலே இடுப்பு வலிக்குது.”

ஒச்சப்பன் மீசையை நீவினான். படையிலேயே பெரிய மீசை அதுதான். அவன் தளபதியானதும் அதனால்தான். “வஸ்தாது என்ன சொன்னாரு? கல்லு தோளுக்கு மேலே இருக்கணும். சரி. தோளு கல்லுக்குக் கீழே போனா ஆகாதுன்னு சொன்னாரா?”

சொல்லவில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

வஸ்தாது திரும்பி வந்தபோது கல் வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் கழுத்தளவுக்கு ஒரு குழி. குழிக்குள் பதினோரு தலை.

“போயிருச்சு வஸ்தாது.”

“எதுடா?”

“கல்லு. தோளுக்கு மேலே.”



மறுநாள், “உடம்புல வேர்வை சொட்டணும். சொட்டாதவன் பந்திக்கு வரக் கூடாது,” என்றார். படை நேராக அடுப்படிக்குப் போய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தது. சமையல்காரி பூவாயிக்கு நிற்க இடம் இல்லை.

“எழவு வீட்டுல உக்காந்த மாதிரி என்னடா இது?”

“பயிற்சி நடக்குது அக்கா. ரெண்டு விறகு சேத்துப் போடுங்க.”

“வேர்வை குழம்புல விழுந்துச்சு, கரண்டி மண்டையில விழும்.”

விழத்தான் செய்தது. இரண்டும்.

மற்றப் பாடங்களைச் சொன்னால் பொழுது போய்விடும். வடத்துக்கு வருவோம்.

வஸ்தாது தேர்வடம் மாதிரி ஒரு கயிறு கொண்டுவந்தார். இந்த முறை நிதானமாகவே சொன்னார். “நல்லாக் கேட்டுக்குங்க. ஒரே சட்டம். முன்னால வந்தவன் தோத்தான். பின்னால போனவன் ஜெயிச்சான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இது ஞாபகம் இருக்கணும்.”

இதுவரை அந்தப் படை எந்தப் பாடத்தையும் ஞாபகம் வைத்ததில்லை. இதை வைத்தது. அதுதான் வினை.

அன்றிலிருந்து முன்னால் நடப்பதை விட்டார்கள். பந்திக்கு முதுகைக் காட்டி வந்தார்கள். சடையன் அப்படியே போய்க் கிணற்றில் விழுந்தான். மேலே இழுத்துப் போட்டதும், “ஜெயிச்சேனா?” என்று கேட்டான்.

“ஜெயிச்ச. இவ்வளவு வேகமா நம்மள்ல யாரும் ஜெயிச்சதில்ல,” என்றான் ஒச்சப்பன்.

இழுத்துப் பழக எதிராளி வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்க யாரும் சம்மதிக்கவில்லை. எதிர்ப்பக்கம் நிற்பவன் எதிரி, சொந்தப் படைக்குத் துரோகம் செய்ய மாட்டோம் என்றார்கள். கடைசியில் வடத்தைக் கோட்டைக் கதவில் கட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்கள். அடுப்படியில் உட்கார்ந்து தின்ற உடம்பு, பலம் இருந்தது. கதவு நிலையோடு பெயர்ந்து வந்து தரையில் விழுந்தது.

ஒச்சப்பன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

“கதவு முன்னால வந்துருச்சு. தோத்துப்போச்சு.”

வஸ்தாது துண்டை உதறித் தோளில் போட்டார். கதவில்லாத வாசல் வழியாக வெளியே நடந்தார்.

“முன்னாலயே நடந்து போறாரு பாரு,” என்றான் குருவன்.

“பாவம். தோத்துட்டாரு,” என்றான் சடையன்.

படை சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. அந்த நேரம் பார்த்து வல்லக்கரட்டு ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். விழுந்து கிடந்த கதவைத் தட்டிப் பார்த்தார்கள். நல்ல தேக்கு. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜமீன்தார் படையை உதைத்து எழுப்பினார். இரண்டு கோட்டைக்கும் நடுவே தண்ணீர் இல்லாத கண்மாய்தான். அதைத் தாண்டிக் கையை நீட்டினார்.

“வடம் கிடக்கட்டும். எதிரே தெரியுதுல்ல, அந்தக் கோட்டையைப் பிடிங்க. உள்ளே இருக்கிறவனைக் கட்டிப் போடுங்க. அது வரைக்கும் உங்களுக்குச் சோறு இல்ல.”

படை வடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று யோசித்தது.

“அண்ணே, போருக்கு எந்தப் பக்கமாப் போறது?” என்றான் சடையன்.

“முன்னால போனவன்?”

“தோத்தான்.”

“பிறகு என்ன கேள்வி?”

திரும்பி நின்று, சொந்தக் கோட்டையைப் பார்த்தபடியே, பின்பக்கமாக எதிரியை நோக்கிக் கிளம்பினார்கள்.

வல்லக்கரட்டு வாசலில் ஒரு காவல்காரன், ஈட்டியோடு. உள்ளே வருகிறவனைக் குத்து என்பது அவனுக்கு உத்தரவு. பதினோரு முதுகு தெரிந்தது. யாரோ போகிறார்கள் என்று நினைத்தான். போகிறவனைக் குத்தச் சொல்லி உத்தரவு இல்லை. அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். போய்ப் போய்க் கோட்டைக்குள் வந்துவிட்டார்கள்.

உள்சுவர் முதுகில் இடித்தது. நின்றார்கள்.

“இது எந்த இடம்?” என்றான் குருவன்.

“யோசிச்சுப் பாரு,” என்றான் ஒச்சப்பன். “முன்னால போனா வெளியூரு. பின்னால போனா?”

“வீடு.”

“நாம பின்னாலதான வந்தோம். அப்ப இது நம்ம கோட்டை.”

“அப்ப எதிரி கோட்டை?”

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் எதிரே ஒரு கோட்டை தெரிந்தது. வாசல் ஆவென்று திறந்து கிடந்தது.

“கதவுகூட இல்ல,” என்றான் சடையன். “என்ன படை வச்சிருக்கானோ.”

“சோம்பேறிப் பயலுக,” என்றான் ஒச்சப்பன். “திரும்புங்கடா. பிடிச்சுருவோம்.”

மறுபடி திரும்பி நின்று பின்பக்கமாக வெளியேறினார்கள். இப்போது காவல்காரனுக்குப் பதினோரு முகம் தெரிந்தது. உள்ளே வருகிறார்கள் என்று ஈட்டியை ஓங்கினான். முகங்கள் தூரமாகப் போயின. என் ஒருத்தனைக் கண்டு ஒரு படையே பின்வாங்கியது என்று அவன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

கோணப்பாறை வாசலில் தடுக்கக் கதவு இல்லை. ஒச்சப்பன் முதுகு மெத்தென்று எதிலோ மோதியது. ஜமீன்தாரின் தொப்பை. உடனே வடத்தால் சுற்றிக் கட்டினார்கள். ஆள் சின்னது, வடம் பெரியது. முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“டேய், நான்தாண்டா உங்க ஜமீன்தார்.”

ஒச்சப்பன் திரும்பி உற்றுப் பார்த்தான். “நம்ம எசமான் மாதிரியே இருக்கான்.”

“மீசையும் அதே மீசை,” என்றான் குருவன்.

“குரலும். எம்புட்டுத் தந்திரம் பாரு.”

அடுப்படியில் பானை நிறையச் சோறு இருந்தது. எதிரி சோறு, கொள்ளை தர்மப்படி நம்முடையது என்று உட்கார்ந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் சடையன், “எதிரி வீட்டுக் குழம்பு பரவாயில்ல. ஆனா நம்ம பூவாயி அக்கா கைப்பக்குவம் வராது,” என்றான்.

“வராதா?” என்றாள் பூவாயி. “அப்ப எதிரி கரண்டியும் ஒண்ணு வாங்கிக்க.”

மற்றபடி அவள் தலையிடவில்லை. முந்தின நாள்தான் ஜமீன்தார் குழம்பில் புளி தூக்கல் என்று சொல்லியிருந்தார். அவர் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

வெற்றிச் செய்தியை எசமானிடம் சொல்ல வேண்டுமே. சடையனை அனுப்பினார்கள். அவன் பின்பக்கமாகவே போனான். போகிறவன்தானே என்று காவல்காரன் வழிவிட்டான். வல்லக்கரட்டு ஜமீன்தார் ஊஞ்சலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சடையன் அவருக்கு முதுகைக் காட்டி நின்றே சொன்னான்.

“எசமான், எதிரே தெரியுற கோட்டையைப் பிடிச்சாச்சு. உள்ளே இருந்தவனைக் கட்டியாச்சு.”

ஊஞ்சல் நின்றது. “யாரைக் கட்டினீங்க? எந்தக் கோட்டையில?” சடையன் கை நீட்டிக் காட்டினான். வல்லக்கரட்டார் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம் வழிந்தது.

“இப்படி ஒரு படையைத்தான்யா அவன் வச்சிருக்கணும். நீங்க அங்கேயே இருங்க. அசையாதீங்க. தினமும் சோத்துக்கு அரிசி நான் அனுப்புறேன்.”

“கருவாடு எசமான்?”

“கருவாடும்.”

“முட்டை?”

“போடா, முட்டையும்.”

சடையன் வந்து சொன்னதும் படை கண்ணீர் விட்டது. இனிக் கழுதை மேய்க்க வேண்டாம். இப்படி ஒரு எசமான் யாருக்குக் கிடைப்பார் என்றான் குருவன். வடத்துக்குள்ளிருந்து ஜமீன்தார் ஏதோ சொன்னார். எழுதத் தகுந்ததில்லை.

கைதியை எங்கே வைப்பது? சிறை என்று ஒன்று அந்தக் கோட்டையில் கிடையாது. கல் பக்கத்தில் ஒரு குழி இருந்தது.

“குழியைப் பாரு,” என்றான் ஒச்சப்பன். “இவங்களும் நம்மள மாதிரியே பழகியிருக்காங்க.”

பதினோரு பேரும் சேர்ந்து ஜமீன்தாரைக் குழிக்குள் இறக்கினார்கள். தலை மட்டும் மேலே தெரிந்தது. பக்கத்தில் கல். ஒச்சப்பன் கல்லைப் பார்த்தான். ஜமீன்தாரின் தோள் இருக்கும் இடத்தைப் பார்த்தான். தலைப்பாகையில் ஆடு விட்டுவைத்த பாதியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“நம்ம எசமான் அப்பவே சொன்னாருடா, வல்லக்கரட்டுக்காரன் கல்லு தூக்குறதுல கெட்டின்னு,” என்றான். “நாம பதினோரு பேரு சேந்து தூக்கின மாதிரியே ஒரு கல்லு. இவன் கையைக் கட்டிக்கிட்டே ஒத்தையாத் தூக்கிட்டான்.”