நந்திக்குப் பின்னால் தொங்கிய திரை

மலையடிவாரத்தில் மரகத அம்மாளின் மடம் இருந்தது. மடத்துச் சிவன் கோயிலில் ஒரு வழக்கம். பிரதோஷத்தன்று, செய்த தவறை நந்தியின் காதில் சொல்லலாம். ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் கொடிமரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். அர்ச்சகர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மடத்துச் சீடர்களில் வைரவநாதனே வயதில் பெரியவர். அம்மாளைவிடவும் பெரியவர். ஊரில் இருந்தபோது பஞ்சாயத்துப் பேசியவர். மூன்று வேளையும் திருநீறு பூசுவார். கழுத்து உருத்திராக்கத்தைக் குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

ஒருநாள் அவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"அம்மா, ஒழுக்கத்துல பெரியவங்க ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"

"பொம்பளைகிட்டயே வந்து கேக்குறீங்களே. தீர்ப்பு எப்படி வரும்னு தெரியாதா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வைரவநாதன் சிரிக்கவில்லை.

"சாமிக்கு யார் பயப்படுறாங்களோ அவங்கதான் ஒழுக்கம். அதுல எனக்குச் சந்தேகமில்ல. அது ஆணா பொண்ணான்னுதான் தெரியல."

"எனக்கும் தெரியாது" என்றார் அம்மாள். "தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

அடுத்த பிரதோஷத்தன்று, நந்திக்குப் பின்னால் தொங்கிய பட்டுத் திரைக்குள் வைரவநாதன் புகுந்து நின்றுகொண்டார்.

முதலில் பெண்கள் வந்தார்கள்.

"மாமியா பசிக்குதுன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி படுத்துட்டேன்."

"பக்கத்து வீட்டுக் கோழி காலை ஒடிச்சது நான்தான். நாய்மேல பழியைப் போட்டுட்டேன்."

பிறகு ஆண்கள் வந்தார்கள்.

"மகனுக்கு வேலை கிடைக்கணும், நந்தீசா."

"பசு நல்லபடியா கன்னு போடணும்."

"என் சம்பந்தி வாய் ஒரு வாரமாவது அடைக்கணும், சாமி."

ஓர் ஆண்கூடத் தவறு என்று எதையும் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்வார்கள் என்று வைரவநாதன் நினைத்துக்கொண்டார். விடை கிடைத்துவிட்டது. கிளம்பலாம் என்று இருந்தபோது, தெரிந்த குரல் ஒன்று கேட்டது. அவர் தம்பி தில்லையப்பனின் மனைவி செங்கமலம்.

"இந்தப் பிள்ளை அவருக்குப் பொறந்ததில்ல. அவருக்குத் தெரியாது. நாளைக்கு மடத்துல இவனுக்குக் காது குத்து. ஊரையே கூப்பிட்டிருக்காரு. அவரு சந்தோசத்தைப் பாக்க என்னால முடியல."

சத்தம் வந்துவிடாமல் இருக்க வைரவநாதன் திரையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

ஆள் ஓய்ந்ததும் மடத்துக்கு ஓடினார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார்.

"ஆம்பளைங்க வாயில ஒரு பாவம் வரல அம்மா. பொம்பளைங்கதான் மூட்டை மூட்டையா அவிழ்க்கிறாங்க. அதுலயும் இவ..."

அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க நின்னு கேட்டீங்க?"

"திரைக்குப் பின்னாடி."

"திரை எதுக்கு?"

"வர்றவங்க பாத்துடுவாங்களே."

"கருவறையில இருக்கிறவர்?"

வைரவநாதனின் கை உருத்திராக்கத்துக்குப் போனது. இத்தனை நேரம் இறைவனுக்கு எதிரே நின்றிருக்கிறார். அது நினைவுக்கே வரவில்லை. ஒரு கணம்தான். கோபம் திரும்ப வந்துவிட்டது.

"அது வேற விசயம். காது குத்துக்கு முன்னாடி தம்பிகிட்ட சொல்லியாகணும். அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பியாகணும். இது எங்க குடும்ப மானம்."

அம்மாள் எழுந்து வாசலுக்குப் போனார். முற்றத்தில் மறுநாள் காது குத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தில்லையப்பனும் அங்கே நின்றிருந்தான்.

"தில்லையப்பன், கொஞ்சம் உள்ள வாங்க."

வைரவநாதன் திடுக்கிட்டார். இவ்வளவு சீக்கிரம் தம்பி எதிரே வந்து நிற்பான் என்று அவர் நினைக்கவில்லை.

தில்லையப்பன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். குழந்தை அவன் முடியைப் பிடித்து இழுத்தது.

"உங்க அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் அம்மாள். பிறகு வைரவநாதனைப் பார்த்தார். "சொல்லுங்க. எங்க நின்னு கேட்டீங்கங்கிறதுல இருந்து ஆரம்பிங்க."

"என்னண்ணே, இப்படி வேர்த்திருக்கு? நாளைக்கு இவன் அழுவான்னு இப்பவே பயந்துட்டீங்களா?"

வைரவநாதன் வாயைத் திறந்தார்.

"தம்பி... நான் இன்னைக்கு..."

வெளியே பந்தல்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒளிந்து நின்றார் என்பது இன்னும் சற்று நேரத்தில் அவர்களுக்கும் தெரிந்துவிடும். ஊருக்கும் தெரிந்துவிடும்.

"நான்..."

மறுபடியும் முயன்றார்.

"சொல்லுங்கண்ணே."

"ஒண்ணுமில்லடா. நீ போய் வேலையைப் பாரு."

தில்லையப்பன் சிரித்துக்கொண்டே போனான். வைரவநாதன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால சொல்ல முடியல அம்மா."

"ஆமா" என்றார் அம்மாள். "செங்கமலம் தன் தப்பைச் சொல்லிட்டு வந்திருக்கா."