பூட்டிய அலமாரியில் ஈஸ்ட்

"மேடம், ரெபேக்காவை ஆய்வகத்தை விட்டு அனுப்பணும். இல்லேன்னா நான் போறேன்."

திலகராஜுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ரெபேக்காவைப் போலவே ஆராய்ச்சி மாணவராக வந்தவர். வழிகாட்டும் பேராசிரியர் ஜைனம்பு அவரைவிட இளையவர். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"என்ன செஞ்சா?"

"என் ஈஸ்ட்டைக் கெடுத்துட்டா. போன வாரம் வரைக்கும் ஆர்.என்.ஏ. ஒழுங்கா உட்கருவை விட்டு வெளியே வந்துச்சு. இப்ப உள்ளேயே முடங்கிக் கிடக்கு."

"அவ கெடுத்ததைப் பார்த்தீங்களா?"

"போன வாரம் பொது இன்குபேட்டர்கிட்ட குனிஞ்சு நின்னா. அன்னைக்கே என் ஈஸ்ட் தட்டுகளை அதுலேர்ந்து எடுத்து என் அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். கதவு இடுக்குல ஒரு தலைமுடியையும் ஒட்டினேன்."

"முடி அறுந்திருந்துச்சா?"

"இல்ல மேடம், அப்படியே இருக்கு. எவ்வளவு கெட்டிக்காரின்னு பாருங்க!"

இதற்கு மேல் ஒரு மனிதரோடு என்ன வாதாடுவது? ஜைனம்பு வாதாடவில்லை.

"ஆர்.என்.ஏ. ஏன் வெளியே வரல?"

"உட்கருவோட வாசல் தடுக்குது. அவ வாசலைத்தான் ஏதோ பண்ணியிருக்கா."

"வாசல் எதைத் தடுக்கும்?"

திலகராஜுக்கு எரிச்சலாக வந்தது. பாடம் ஒப்பிக்கவா வந்தார்?

"பொட்டலம் கட்டாததைத் தடுக்கும். மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகலாகி வரும்போதே புரதங்கள் அதைச் சுத்திக் கட்டணும். கட்டாம வந்தா வாசல் விடாது."

"உங்க ஈஸ்ட்ல கட்டுற புரதம் எப்படி?"

"நானே மாத்தி வச்சது மேடம். இன்குபேட்டரோட குளுமையில நல்லாக் கட்டும். சூடு ஏறினா குலைஞ்சிடும்." குரலைத் தாழ்த்தினார். "இது ரெபேக்காவுக்கும் தெரியும்."

ஜைனம்பு எழுந்து அவருடைய அலமாரிக்கு நடந்தார். பெரிய ஃப்ரீசரின் முதுகை ஒட்டி நின்றது அது. ஃப்ரீசர் இரைந்துகொண்டிருந்தது.

"திறங்க."

திலகராஜ் முதலில் முடியைச் சரிபார்த்தார். பிறகு சாவியைப் போட்டார். முடி அறுந்தது.

"கையை உள்ளே விடுங்க."

விட்டார்.

உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. ஃப்ரீசர் பக்கத்துப் பலகையைத் தொட்டவர், சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

"மேடம்..." என்றார். "இன்குபேட்டர்ல இடம் இருக்குமா?"

"உங்க இடம் காலியாத்தான் இருக்கு. வேற யாரையும் அங்க தட்டு வைக்க விடாம பார்த்துக்கிட்டது ரெபேக்கா."