உம் கொட்ட மறந்த குளம்

காட்டோரத்துத் தாமரைக் குளத்தில் பெருவாயன் என்றொரு தவளை இருந்தது. அது அளந்துவிடுகிற கதைகளைக் குளமே கொள்ளாது. தலைப்பிரட்டையாக இருந்த காலத்தில் ஒரு யானையை வாலால் அடித்து விரட்டியதாகச் சொல்லும். கேட்பவர்கள் ‘உம்’ கொட்ட வேண்டும். ஓர் ‘உம்’ குறைந்தாலும் கதை அங்கேயே நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் கரைக்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தான் பாம்பிடமிருந்து தப்பித்த கதையை எடுத்துவிட்டது. எதிரே தண்ணீரில் நாலைந்து கெண்டைகளும் ஓர் ஆமையும். கரையோரத்தில் கொடுக்கி என்கிற நண்டு.

“பாம்புன்னா சும்மா பாம்பா? தேர்வடம் மாதிரி தடிமன். தலை இந்தக் குளத்துல, வால் அடுத்த ஊர்ல.”

“உம்,” என்றன கெண்டைகள்.

“அது புல்லை விலக்கிக்கிட்டு, சத்தமே இல்லாம, எனக்குப் பின்னால வருது...”

யாரும் உம் கொட்டவில்லை. தவளைக்குப் பின்னால் புல் விலகி, நிஜமாகவே ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டியிருந்தது.

பெருவாயனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. “பார்த்தியா கொடுக்கி, உம் கொட்டக்கூட மறந்துட்டாங்க. இதுக்குப் பேர்தான் வர்ணனை.”

“அண்ணே, பின்னால பாம்பு,” என்றது கொடுக்கி.

“அப்படித்தான் தோணும் தங்கச்சி. போன வாரம் இதே இடத்துல ஒரு கெண்டை அழுதே போச்சு.”

“நிஜப் பாம்புண்ணே. ஓடுங்க.”

“திருப்பம் வர்றதுக்குள்ள எந்திரிச்சா கதை கெட்டுப்போயிடும். கொஞ்சம் பொறு.”

கெண்டைகள் சிதறி ஓடின. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அதையும் பெருவாயன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டது.

பாம்புக்கும் தவளைக்கும் நடுவே இன்னும் ஒரு முழம்தான். கொடுக்கி பாம்பையும் தவளையையும் மாறி மாறிப் பார்த்தது. கத்தினால் புகழ்கிறோம் என்று நினைக்கிறது. இந்த ஆளை என்ன சொல்லித் திருப்புவது? சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. அலுத்துக்கொள்வதுபோலக் கொடுக்கை நீட்டிச் சோம்பல் முறித்தது.

“என்னவோ போங்கண்ணே, கதை முன்ன மாதிரி இல்லை. தேர்வடமாம். பாம்பைக் கண்ணால பார்த்தவர் சொல்ற உவமையா இது?”

பெருவாயனுக்குச் சுருக்கென்றது.

“என் உவமையிலயா குறை சொல்றே? அப்போ பாம்பு வேற எப்படித்தான் இருக்குமாம்?”

“திரும்பிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

தன் மேல் தப்பில்லை என்று காட்டுவதற்காகவே தவளை திரும்பியது. மூக்குக்கு நேரே மூக்கு. ஒரே தாவல்! பாம்பின் வாயில் அகப்பட்டது கல்லில் ஒட்டியிருந்த பாசி மட்டும்தான்.

ஆழத்துச் சேற்றில் போய்ப் புதைந்த பெருவாயன், வெகுநேரம் கழித்துக் கண்ணை மட்டும் வெளியே நீட்டியது. பாம்பு போய்விட்டிருந்தது.

“எப்படிண்ணே இருந்துச்சு?” என்று கேட்டது கொடுக்கி.

“பாம்பு மாதிரி இருந்துச்சு,” என்றது பெருவாயன்.

புகழ்ச்சியை மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு, எச்சரிக்கையும் புகழ்ச்சியாகத்தான் கேட்கும்.