எழுந்தால் போச்சு ஆசனம்

முதலில் ஒரு விடுகதை. ‘கையில்லை, துடைப்பமில்லை, இரவும் பகலும் ரத்தத்தைச் சுத்தம் செய்வேன். உங்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறேன். நான் யார்?’

யோசித்துக்கொண்டே கேளுங்கள். இந்த விடுகதையால் ஒரு மந்திரியின் பதவியே போக இருந்தது!

வெகு காலத்துக்கு முன்பு, பொழிலூர் நாட்டை வீரமல்லர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் கொடுத்த பட்டத்தை மத்தியானமே பிடுங்கிக்கொள்வார். அவருடைய மகள் தேமொழிக்கு எட்டு வயது. அவளுக்கும் சபையில் ஒரு குட்டி ஆசனம் உண்டு. கொளுத்தும் சித்திரை மாதத்தில் ஒருநாள், சபையில் இந்த விடுகதையைப் போட்டவள் அவள்தான்.

“விடை என்னம்மா?” என்று கேட்டார் ராஜா.

“எனக்கே தெரியாது அப்பா. தெரிந்தால் கேட்பேனா?”

சபை சிரித்தது. மந்திரிக்கு அடுத்த பதவியிலிருந்த பிரதானி தாண்டவராயர் முந்திக்கொண்டு, “கல்லீரல், இளவரசி! இதில் என்ன சந்தேகம்?” என்றார்.

மந்திரி கூத்தனார் நிதானமாகச் சொன்னார். “கல்லீரலும் சரிதான். ஆனால் விடை அதோடு முடியவில்லை. சிறுநீரகங்களையும் சேர்க்க வேண்டும்.”

தாண்டவராயருக்கு மந்திரியின் ஆசனத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண். விடுவாரா?

“கேட்டீர்களா மகாராஜா! கல்லீரல் எவ்வளவு பெரிது! சிறுநீரகம் அவரைக்கொட்டை மாதிரி ஒரு ஜோடி. பெயரிலேயே ‘சிறு’ இருக்கிறது! அது செய்கிற காரியத்தைச் சபையில் சொல்லவே கூச்சம். எல்லா வேலையையும் கல்லீரல் ஒன்றே பார்த்துக்கொள்ளும். பாவம், மந்திரிக்கு வயதாகிவிட்டது.”

ராஜா தொடையைத் தட்டினார். “இரண்டு பேரில் ஒருவர் சொன்னது தப்பு. தப்பாகச் சொன்னவருக்கு நாளை முதல் இந்தச் சபையில் ஆசனம் கிடையாது!”

“ஒரு நிபந்தனை மகாராஜா,” என்றார் தாண்டவராயர். “வைத்தியரைக் கேட்டு வருகிறேன் என்று மந்திரி நழுவிவிடுவார். வாதம் முடிவதற்குள் ஆசனத்தை விட்டு எழுந்தவர் தோற்றவர்!”

“பலே! அப்படியே ஆகட்டும்.”

கூத்தனாருக்கு விடை தெரியும். ஆனால் இந்த ராஜா விளக்கம் கேட்கிறவர் இல்லை; நாலாவது வாக்கியத்தில் கொட்டாவி விடுவார். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். எழுந்தவர் தோற்றவராமே! அதை மனசுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“மகாராஜா, முதலில் கல்லீரலின் பெருமையை நானே பாடுகிறேன். ஒவ்வொரு பெருமைக்கும் பிரதானியார் ஒரு குவளை குளிர்ந்த பானம் குடிக்கட்டும். வெயில் வேறு கொளுத்துகிறது.”

தாண்டவராயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “எதிராளியே என் கட்சியைப் பேசுகிறார்! கொண்டுவாருங்கள்!”

“சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையைச் சேர்த்துவைத்து, பசி நேரத்தில் எடுத்துக் கொடுப்பது கல்லீரல்.”

ஒரு குவளை பானகம் உள்ளே போனது.

“பித்தநீர் சுரந்து, நெய்யையும் எண்ணெயையும் செரிக்க உதவுவது கல்லீரல்.”

ஒரு குவளை நீர்மோர்.

“உடம்புக்குள் வந்த நஞ்சைக் கெடுதல் இல்லாத பொருளாக மாற்றுவதும் கல்லீரல்.”

இரண்டு குவளை இளநீர். ஒன்று அவராகவே கேட்டு வாங்கியது.

கூத்தனார் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நடுநடுவே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தூண்களின் நிழல் நீண்டது. தாண்டவராயர் இடது காலின் மேல் வலது காலைப் போட்டார். பிறகு மாற்றிப் போட்டார். நெற்றி வியர்த்தது.

“பிரதானி மாமா, ஏன் நெளிகிறீர்கள்?” என்றாள் தேமொழி.

“ஒன்றுமில்லை, இளவரசி! ஓய், மந்திரியாரே, சீக்கிரம் முடித்துத் தொலையுமய்யா!”

“இதோ, அருவி எப்படிச் சலசலவென்று கொட்டுமோ...”

“அருவியைப் பற்றிப் பேசாதீர்!”

“ஏன் இந்தத் தவிப்பு? எல்லா வேலையையும் கல்லீரலே பார்த்துக்கொள்ளும் என்றீரே. நாலு குவளைத் தண்ணீரையும் அதனிடமே ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உட்காரும்.”

அவ்வளவுதான். தாண்டவராயர் துள்ளி எழுந்தார். தலைப்பாகை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். ஆள் கொல்லைப்புறம் நோக்கி ஓட்டம்!

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்படியானால் கல்லீரல் என்னதான் செய்கிறது?”

“மாற்றுகிறது மகாராஜா. அது சமையற்கட்டு மாதிரி. வந்ததை வேண்டிய விதத்தில் மாற்றும், சேர்த்துவைக்கும், நஞ்சை முறிக்கும். சிறுநீரகங்கள் சல்லடை மாதிரி. ரத்தத்தை வடிகட்டி, உடம்புக்கு வேண்டிய தண்ணீரையும் உப்பையும் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீராக வெளியே அனுப்பும். கல்லீரல் மாற்றிவைத்த கழிவில் பெரும்பகுதி ரத்தத்தின் வழியாக இவற்றிடம்தான் வருகிறது. சமையற்கட்டால் சல்லடை வேலையைச் செய்ய முடியாது. சல்லடையாலும் சமைக்க முடியாது.”

ராஜா கொட்டாவி விடவே இல்லை. தம் மோதிரத்தைக் கழற்றிக் கூத்தனாரின் விரலில் போட்டார்.

அப்போது தாண்டவராயர் மெல்லத் திரும்பி வந்தார். முகத்தில் ஏக நிம்மதி. ஆனால் தலை குனிந்திருந்தது. “தோற்றேன் மகாராஜா. கல்லீரல் என்னைக் கைவிட்டுவிட்டது.”

சபையே கொல்லென்று சிரித்தது. தாண்டவராயரும் சிரித்துவிட்டார்.

கூத்தனார் கைகூப்பினார். “மகாராஜா, விடையில் பாதியை அவர் சரியாகத்தான் சொன்னார். ஆசனத்தைப் பிடுங்க வேண்டாமே.”

ராஜா தாடியைத் தடவினார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். “விடுகதை போட்டவள் நீ. பிரதானியின் ஆசனத்தை என்ன செய்யலாம்? நீயே சொல்.”

தேமொழி அதைக் கொல்லைப்புறக் கதவுக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள்.